இப்பொழுது என்ன படிக்கின்றீர்கள்?

உடுமலைப்பேட்டை காற்று வளம் மிக்க ஊர். தெற்கே ஆனைமலைத் தொடர் மதில்போல் உயர்ந்து நிற்க, மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயிலைத் திறந்து வைத்தாற்போல் அமைந்துள்ளது. ஆடித் திங்களில் அக்கணவாய் வழியே புகுந்து வீசும் காற்று தென்னந்தோப்புகளைத் தலையசைக்கச் செய்யும். வெளியெங்கும் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளைச் சுழற்றும். ஊரைச் சுற்றி நூற்பாலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. வடக்கே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருந்திரளான மக்களுக்கு வாழ்வளிக்கின்றது. உழைப்பையே செல்வமாகக் கொண்ட இவ்வட்டாரத்து மக்கள் ஒருவரையொருவர் காணும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது வழக்கம். அக்கேள்வியில் அன்பு உண்டு, பண்பாடு உண்டு. வயிற்றின் நலத்தை வினவும் அந்நல்ல வழக்கத்தோடு, உள்ளத்தின் நலத்தை வினவும் மற்றொரு கேள்வியையும் நாம் பழகிக்கொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து. "இப்பொழுது என்ன படிக்கின்றீர்கள்?" என்பதே அக்கேள்வி.

இக்கருத்து என் உள்ளத்தில் வேரூன்றக் காரணமாக இருந்தது ஒரு பேருந்துப் பயணம். ஒருநாள் மாலை, திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகளில் வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளர்களால் வண்டி நிறைந்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இளைஞர் ஒருவர் அமர்ந்து ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய செய்தித்தாளால் அதற்கு அட்டை போட்டிருந்தார். அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "என்ன புத்தகம், தம்பி?" என்று கேட்டார். இளைஞர் திடுக்கிட்டார், களவு கையும் மெய்யுமாகப் பிடிபட்டதுபோல் நூலை மூடினார். "சும்மா... கதைப் புத்தகமுங்க" என்றார்.

முதியவர் விடவில்லை. "கதையில் என்ன கதை?" என்றார். "ஓர் இயந்திர நாயைப் பற்றிய கதைங்க. அது பேசும், புத்தகமெல்லாம் படிக்கும்" என்றார் இளைஞர். கேட்ட முதியவர் முகம் மலர்ந்தது. "நான் உன்னைவிடச் சிறுவனாக இருந்தபோது இரும்புக்கை மாயாவி படித்திருக்கின்றேன், தம்பி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். ஒரு புத்தகத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படிப்போம்" என்று கூறி, "அது கிடக்கட்டும். அந்த நாய் அப்புறம் என்ன செய்தது?" என்று கேட்டார். பிறகு குடிமங்கலம் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தனர். முதியவர் இறங்கும்போது, "மிச்சத்தையும் நான் கேட்க வேண்டும், இதே வண்டியில்தானே வருவாய்?" என்று சொல்லிச் சென்றார்.

அவ்விளைஞர் வாயிலிருந்து முதலில் வந்த சொல் 'சும்மா' என்பதாகும். அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. கணக்கு நூலைப் படிக்கும் மாணவன் அதனை மறைப்பதில்லை. செய்தித்தாள் படிப்பவர் நாணுவதில்லை. கதை படிப்பவர் மட்டும், அதிலும் வியப்புக் கதையும் அறிவியற் புனைகதையும் படிப்பவர் மட்டும், ஏன் நாணுதல் வேண்டும்? 'நடவாததைப் படித்து என்ன பயன்?' என்று பெரியோர் சிலர் கேட்பதே அதற்குக் காரணம். அக்கேள்விக்கு முதலில் விடை காண்போம்.

நடவாததைக் கற்பனை செய்வது தமிழர்க்குப் புதியதன்று. ஓட்டுவார் இல்லாமல் தானே செல்லும் வான ஊர்தியைப் பற்றிப் புறநானூற்றிலே, சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகின்றார். சீவகசிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன் மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். பகைவர் சூழ்ந்தபோது அவன் தேவி விசயை அப்பொறியில் ஏறி உயிர் தப்புகின்றாள். மணிமேகலையின் கையிலே எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி விளங்குகின்றது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பெரும்பசியால் வாடிய காயசண்டிகை, அப்பாத்திரத்து உணவால் பசி தீர்கின்றாள்.

இவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? குறையாத பாத்திரம் உலகில் எங்கும் இல்லை. ஆயினும் பசி உண்டு, பசித்தவர் உண்டு. பசியில்லாத உலகம் எப்படியிருக்கும் என்று ஒரு புலவர் கனவு கண்டார். அக்கனவை இலக்கியமாக்கித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர் நம் முன்னோர். இன்று நம் அரசுப் பள்ளிகளில் நண்பகலில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உணவு உண்ணும் காட்சியைக் காண்பவர், அமுதசுரபி வெறுங்கற்பனை என்று கூறத் தயங்குவர். நல்ல கற்பனை, இல்லாத பொருளைக் காட்டி, இருக்கும் குறையை நினைவூட்டுகின்றது.

இதற்கு நம் மாநிலத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. 1905-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழ் ஒன்றில், 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை ஆங்கிலத்தில் வெளியாயிற்று. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சக்காவத் உசேன் என்னும் பெண்மணி. இதழின் ஆசிரியரும் கமலா சத்தியநாதன் என்னும் பெண்மணியே. அக்கதையில் ஒரு நாடு வருகின்றது. அங்கே பெண்கள் கல்லூரிகளை நடத்துகின்றனர், அறிவியல் ஆராய்கின்றனர், மேகத்திலிருந்து நீரை இறக்குகின்றனர், கதிரவனின் வெப்பத்தைத் திரட்டி வேலை வாங்குகின்றனர். ஆடவர் வீட்டினுள் அடங்கி வாழ்கின்றனர்! கணவர் வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக அவர் அதனை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்து முடித்தாராம்.

பெண்கள் பள்ளி செல்வதே அரிதாக இருந்த காலத்தில் எழுந்த கதை அது. இன்று உடுமலைப்பேட்டையிலிருந்து எத்திசையில் சென்றாலும் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கோபுரங்களைக் காணலாம். ஆலைகளின் கூரைமேல் கதிரவன் ஒளியை மின்சாரமாக்கும் பலகைகளைக் காணலாம். காலையில் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரிக்குச் செல்வதையும் காணலாம். அக்கதை இவற்றையெல்லாம் கொண்டுவந்தது என்று நான் கூறவில்லை. 'இப்படியும் இருக்கலாமே' என்று எண்ணும் துணிவை அத்தகைய கதைகள் மக்களுக்கு அளிக்கின்றன என்றே கூறுகின்றேன்.

அறிவியற் புனைகதை எழுதுவோர் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் சூல் வெர்ன், 1865-இல் எழுதிய புதினத்தில், அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து சந்திரனை நோக்கி மனிதர்களை அனுப்பினார். 1969-இல் அதே புளோரிடாவிலிருந்து அப்பல்லோ 11 புறப்பட்டது. ஆயினும் வெர்ன் மனிதர்களை அனுப்பியது மாபெரும் பீரங்கியால். அப்படி அனுப்பினால் உள்ளிருப்பவர் பிழைத்திருக்க மாட்டார். வழி தவறாக இருப்பினும், 'போகலாம்' என்ற எண்ணத்தை விதைத்தது அந்நூல். பிற்காலத்தில் ஏவூர்தி ஆராய்ந்த அறிஞர்களுள் அவர் நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர் பலர்.

பேருந்தில் கண்ட இளைஞரின் கையிலிருந்தது சுசாதாவின் 'என் இனிய இயந்திரா' என்பதை அவர்கள் பேச்சிலிருந்து அறிந்துகொண்டேன். 1935 முதல் 2008 வரை வாழ்ந்த சுசாதா தொழிலால் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய முயற்சியில் பங்கு கொண்டவர். 1980-களில் வார இதழில் தொடராக வெளிவந்த அப்புதினம், 2021-ஆம் ஆண்டில் நிகழ்வதாக எழுதப்பட்டது. அந்நாட்டில் குழந்தை பெறுவதற்கும் ஆட்சியின் இசைவு வேண்டும். ஆள்பவரை எல்லாரும் போற்றுவர். கேள்வி கேட்பார் இல்லை. அங்கே நூல்களைப் படித்துச் சிந்திக்கும் 'சீனோ' என்னும் இயந்திர நாய் வாழ்கின்றது. முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கதை குறித்த ஆண்டை நாம் கடந்து வந்துவிட்டோம். இயந்திரம் எழுதுவதும் பேசுவதும் இன்று நாள்தோறும் காணும் செயல்களாகிவிட்டன. இந்நிலையில், பொறிகளின் நடுவே வாழும் ஓர் இளைஞர் அக்கதையைப் படிப்பது 'சும்மா' ஆகுமா?

இவ்வட்டார மக்களின் வாழ்வு பொறிகளோடு பின்னியது. முன்பு நூற்பாலைகளில் அறுந்த நூலை முடிச்சிட்டு இணைக்கப் பல கைகள் வேண்டியிருந்தன. இன்று அவ்வேலையைப் பொறியே செய்கின்றது. நாளை இன்னும் பல வேலைகள் பொறியின் கைக்குச் செல்லக்கூடும். அது நன்மையா, தீமையா? யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? மனிதன் பொறியை ஆள்வானா, பொறி மனிதனை ஆளுமா? இவை நூலறிந்தோர் அவையில் மட்டும் பேசப்படும் கேள்விகளல்ல. ஒவ்வொரு தொழிலாளர் வீட்டின் உலையோடும் தொடர்புடைய கேள்விகள். ஒருவர் தனித்திருந்து இவற்றை எண்ணினால் அச்சமே மிகும். பலர் கூடி எண்ணினால் தெளிவு பிறக்கும். கூடி எண்ணுவதற்கு ஒரு கதையைவிட எளிய தொடக்கம் வேறு ஏது? எனவேதான் படிக்கும் கதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கின்றேன்.

கதையைப் பகிர்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் மரபு. பாட்டி கதை சொல்வாள். பேரப்பிள்ளைகள் 'உம்' கொட்டுவர். 'உம்' நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து நடத்துவதே கதை என்பதை அச்சிறு ஒலி காட்டுகின்றது. அச்சு நூல் வந்தபின் நாம் தனித்திருந்து படிக்கக் கற்றுக்கொண்டோம். அது பெரும்பேறுதான்; ஆயினும் 'உம்' கொட்டுவாரை இழந்துவிட்டோம். 'இப்பொழுது என்ன படிக்கின்றீர்கள்?' என்று ஒருவர் கேட்கும்போது, அவ்விழந்த துணை மீண்டும் வந்து நம் அருகில் அமர்கின்றது.

விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். மன்னன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கின்றான். வழியில் வேதாளம் கதை சொல்கின்றது. முடிவில் ஒரு கேள்வி கேட்கின்றது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று அச்சுறுத்துகின்றது. கதை கேட்டவர் சிந்தித்துத் தம் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை இதனினும் சுவையாக யார் சொல்ல இயலும்? 1947-இல் தோன்றிய 'அம்புலிமாமா' என்னும் சிறுவர் இதழ், இவ்வேதாளக் கதைகளைத் தமிழ்நாட்டின் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. வாளேந்திய மன்னன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் ஓவியத்தை அதில் வரைந்தவர் கா. சி. சிவசங்கரன். உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள காரத்தொழுவு என்னும் ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னெழுத்தாகக் கொண்டவர் அவர். 1924 முதல் 2020 வரை வாழ்ந்த அவருக்கு, மறைவுக்குப்பின் 2021-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. ஆயினும் அதை ஒருவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட மாலைப் பொழுதுகளை முதியோர் பலர் மறக்கவில்லை.

1950 முதல் 1954 வரை கல்கி தம் இதழில் 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது நாட்டில் நிகழ்ந்ததும் அதுவே. இதழ் வீட்டிற்கு வந்தவுடன் யார் முதலில் படிப்பது என்று போட்டி எழும். படித்தவர் படிக்காதவருக்குச் சொல்வார். அடுத்து என்ன நிகழும் என்று வாரம் முழுவதும் விவாதம் நடக்கும். முடிவு யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் ஒரே நிலையில் நின்று பேசினர். கற்றவர் என்றும் கல்லாதவர் என்றும் வேறுபாடு அங்கே இல்லை. படித்து முடித்த நூலைப் பற்றிப் பேசும்போது நாம் தீர்ப்புக் கூறுகின்றோம். படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசும்போதோ, வழியில் உடன் நடப்பவரிடம் பேசுகின்றோம். 'முடித்துவிட்டுச் சொல்கின்றேன்' என்று காத்திராமல், பாதியிலேயே பேச வேண்டும் என்று நான் விரும்புவது இதனாலேதான்.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்த சிறு கூட்டங்களிலிருந்து பெரும்படைப்புகளும் பிறந்துள்ளன. 1815-இல் இந்தோனேசியத் தீவு ஒன்றில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் தூசி வானிற் பரவிக் கதிரொளியை மங்கச் செய்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை குளிர்ந்து மழையாகப் பொழிந்தது. சுவிட்சர்லாந்தின் செனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த நண்பர் சிலர் வெளியே செல்ல இயலாமல் வீட்டினுள் அடைந்து, பேய்க்கதை நூல் ஒன்றைச் சேர்ந்து படித்தனர். 'நாமும் ஆளுக்கொரு கதை எழுதுவோம்' என்றார் அவர்களுள் ஒருவராகிய பைரன் என்னும் கவிஞர். அவ்வார்த்தையை ஏற்று, 18 வயதுப் பெண்ணாக இருந்த மேரி செல்லி எழுதத் தொடங்கியதே 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினம். 1818-இல் வெளிவந்த அதனை, அறிவியற் புனைகதையின் தாய் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஓர் உயிரைத் தன் அறிவால் உண்டாக்கிய மாணவன், அதனைப் பேணும் பொறுப்பை மறந்து ஓடியதால் விளைந்த கேட்டை அந்நூல் சொல்கின்றது. பொறிகளைப் படைப்போரும் பயன்படுத்துவோரும் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அது.

இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரிலும் இத்தகைய நண்பர் குழு ஒன்று இருந்தது. அவர்கள் வாரந்தோறும் கூடித் தாம் எழுதுவதைப் படித்துக் காட்டுவர். கேட்டவர் குறை நிறைகளைக் கூறுவர். அக்குழுவினராகிய டோல்கீன், 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கற்பனைக் கதையைப் பல ஆண்டுகள் எழுதினார். அது 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தம் நண்பர் லூயிசு, 'மேலும் சொல், மேலும் சொல்' என்று ஆவலோடு கேட்டிராவிட்டால் அந்நூலை முடித்தே இருக்க மாட்டேன் என்ற கருத்தை டோல்கீன் பின்னாளில் ஒரு கடிதத்தில் வெளியிட்டார். நம் ஊர்ப் பேரப்பிள்ளைகள் கொட்டும் 'உம்' என்னும் ஒலியே ஆக்சுபோர்டிலும் வேறு வடிவில் ஒலித்தது என்று கூறலாம் அன்றோ?

இவ்வளவு கூறியும் சிலர் தடை எழுப்பக்கூடும். 'கதையைச் சொல்லிவிட்டால் படிப்பவர்க்குச் சுவை கெடுமே!' என்பது ஒரு தடை. உண்மைதான். அதற்கு ஒரு முறை உண்டு. வீட்டிற்கு வரும் விருந்தினரைத் திண்ணைவரை நாம் அழைத்துச் செல்லலாம். உள்ளறைகளை அவரே கண்டு மகிழட்டும். கதை எங்கே தொடங்குகின்றது, அதில் யார் வருகின்றனர், நம் நெஞ்சை எது தொட்டது என்னும் அளவோடு நிறுத்திக்கொண்டால் கேட்பவரின் ஆவல் வளருமேயன்றிக் குறையாது.

'பாதி படித்தவர் கூறும் கருத்து அரைகுறையாகத்தானே இருக்கும்?' என்பது மற்றொரு தடை. ஆம், அரைகுறையாகத்தான் இருக்கும். அதனை அரைகுறை என்று சொல்லியே கூறுவோம். 'இவன் தீயவன் என்று சென்ற வாரம் எண்ணினேன். இன்று அவ்வாறு தோன்றவில்லை' என்று ஒருவர் கூறுவாராயின், அவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார் என்று பொருள். கதைமாந்தரிடத்தில் அவ்வாறு பழகியவர், அண்டை வீட்டாரைப் பற்றியும் விரைந்து தீர்ப்புக் கூற மாட்டார்.

'உழைப்பவருக்கு நேரம் ஏது?' என்பது மூன்றாவது தடை. இதுவே வலிமை மிக்கது. இதனை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டு முறையில் இரவெல்லாம் நின்று பணியாற்றிவிட்டு வருபவரிடம், 'ஏன் நீங்கள் படிக்கவில்லை?' என்று கேட்பது கொடுமை. வீட்டு வேலையும் ஆலை வேலையும் சேர்ந்து அழுத்தும் பெண்களிடம் அவ்வாறு கேட்பது அதனினும் கொடுமை. ஆயினும் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படிப்பவர் ஆண்டொன்றுக்கு 3,650 பக்கம் படித்துவிடுவார். 300 பக்கமுள்ள புதினங்கள் பன்னிரண்டு ஆகும். பத்துப் பக்கமும் படிக்க இயலாதவர்க்கு, படித்தவர் பேருந்திலோ, தேநீர்க் கடையிலோ, உணவு இடைவேளையிலோ சொல்லட்டும். திருவள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தார். கல்லாதவரும் கேட்டறிக என்றார். நேரமில்லாதவர்க்கும் அந்நெறி பொருந்தும்.

நூல் கிடைக்க வேண்டுமே என்று கேட்பவருக்கு நம் நாட்டு நூலக வரலாறே விடை கூறும். சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்று மக்களுக்கு வழங்கினர். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் எழுந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. இன்று இணையத்தின் வழியாகத் தமிழ் நூல்களை வெளியூர்களுக்கு அனுப்பும் விற்பனை நிலையம் உடுமலைப்பேட்டையிலேயே இயங்குகின்றது. நூலைச் சட்டம் நூலகத்திற்குக் கொண்டுவரும். வண்டி ஊருக்குக் கொண்டுவரும். அஞ்சல் வாயிலுக்குக் கொண்டுவரும். அதன் பிறகு அதனை ஒருவர் உள்ளத்திற்குக் கொண்டு சேர்ப்பது, 'இதை நான் படித்துக்கொண்டிருக்கின்றேன். நன்றாயிருக்கின்றது' என்று நண்பர் கூறும் சொல்லேயாகும்.

மாணவர்களே! இதற்குப் பெருஞ்சங்கம் அமைக்க வேண்டுவதில்லை. வாரத்தில் ஒருநாள், வகுப்பிலோ மரநிழலிலோ, நால்வர் கூடினால் போதும். ஒவ்வொருவரும் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: கையிலுள்ள நூல் எது? அதில் எங்கே நிற்கின்றீர்கள்? அது உங்கள் மனத்தில் எழுப்பிய கேள்வி எது? அவ்வளவே. ஒருவர் கதையை மற்றவர் எள்ளி நகையாடாதிருங்கள். பூதமும் மந்திரவாதியும் வரும் கதையாயினும், விண்வெளி வீரர் வரும் கதையாயினும், அதைப் படிப்பவர் ஏதோ ஒன்றைத் தேடிச் செல்கின்றார். அவர் தேடுவது என்ன என்று கேளுங்கள். சில வேளைகளில் அது நீங்கள் தேடுவதாகவே இருக்கும்.

அப்பேருந்தில் நான் கண்ட முதியவரைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் கண்டேன். சாளரத்தின் அருகே அமர்ந்து, கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தார். நூலுக்கு அதே செய்தித்தாள் அட்டை, கைதான் வேறு. நான் அருகில் சென்று, "ஐயா, இப்பொழுது என்ன படிக்கின்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் நூலை மூடவில்லை. 'சும்மா' என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்க, சொல்கிறேன். ஆனால் பாதிதான் வந்திருக்கிறேன்; முடிவு உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிடாதீங்க!" என்றார். நான் அமர்ந்து கேட்கத் தொடங்கினேன்.